ஊர்ப் பெயரும் ஒரு விளைச்சலே!

நெல்லுக்கு விலை உண்டு. கரும்புக்கு விலை உண்டு. திராட்சைக்கும் விலை உண்டு. அவை விளைந்த ஊரின் பெயருக்கு விலை உண்டா? உண்டு என்று நூறாண்டுக்கும் மேலாக நிரூபித்து வருகிறார்கள், பிரான்ஸ் நாட்டு ஷாம்பேன் வட்டாரத்தின் திராட்சை விவசாயிகள். நுரைத்துப் பொங்கும் ஒயினின் பெயராகவே உலகம் அறிந்துள்ள ‘ஷாம்பேன்’, உண்மையில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கு விளைந்த திராட்சையைக் கொண்டு, அங்கேயே, குறிப்பிட்ட முறைப்படி தயாரித்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம் என்பது சட்டம். அந்தச் சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. வண்டிகள் கவிழ்ந்தன, கட்டிடங்கள் எரிந்தன, ராணுவம் வந்தது. அதன் பிறகே வந்தது.

மது அருந்துவது நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே எழவில்லை. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து பேசும் நிலைக்கு எப்படி வந்தான் என்பதே கேள்வி. எந்தப் பயிர் செய்பவரும் யோசிக்க வேண்டிய கேள்வி அது.

குளிரும் சுண்ணாம்பும்

ஷாம்பேன் வட்டாரம் பாரிஸ் நகருக்குக் கிழக்கே ரீம்ஸ், எபெர்னே ஆகிய நகரங்களைச் சுற்றி அமைந்துள்ளது. திராட்சைப் பரப்பு சுமார் 34,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 84,000 ஏக்கர். ஆண்டின் சராசரி வெப்பநிலை 11 டிகிரி சென்டிகிரேடு அளவுதான். வசந்த காலத்தில் உறைபனி கொட்டித் தளிரைக் கருக்கும். மேல்மண் ஆழமில்லாதது, அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. தானியம் பயிரிடுபவன் முகம் சுளிக்கும் நிலம்.

இந்தக் குறைகளே அங்கு மூலதனம் ஆயின. சுண்ணாம்புப் பாறை மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கொண்டு, கோடையில் வேருக்கு மெல்லக் கொடுக்கிறது. குளிரால் பழத்தில் சர்க்கரை குறைவாகவும் புளிப்பு மிகுதியாகவும் நிற்கிறது. சாதாரண ஒயினுக்கு அது குறை. நுரைக்கும் ஒயினுக்கு அந்தப் புளிப்பே உயிர். பயிராவது பெரும்பாலும் மூன்று ரகங்கள்: ஷார்டொனே, பினோ நுவார், மெனியே. இவற்றில் பின்னிரண்டும் கருந்திராட்சை. தோலின் நிறம் சாற்றில் இறங்காமல் மென்மையாகப் பிழிவதால் கருந்திராட்சையிலிருந்தும் வெளிர் நிற ஒயின் கிடைக்கிறது. அதற்காகவே பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், முழுக் குலையாகத்தான் பிழிய வேண்டும் என்பது விதி. அறுவடை இயந்திரத்துக்கு அங்கு அனுமதி இல்லை.

பாட்டிலுக்குள் நடக்கும் வேலை

4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. அதிலும் முதலில் வரும் 2,050 லிட்டர் உயர்ந்த தரம். பின்னால் வரும் 500 லிட்டர் இரண்டாம் தரம். இந்தக் கணக்குப்படி முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றுக்குச் சுமார் 1.2 கிலோ பழம் செலவாகிறது. இன்னும் அழுத்திப் பிழிந்தால் சாறு வரத்தான் செய்யும். அது ஷாம்பேன் ஆகாது.

சாறு முதலில் சாதாரண ஒயினாக நொதிக்கிறது. பல ஊர்களின் ஒயின்களையும், முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒயின்களையும் ருசி பார்த்துக் கலப்பது அடுத்த வேலை. மழை கெடுத்த ஆண்டின் குறையை நல்ல ஆண்டின் ஒயின் ஈடு செய்கிறது. பிறகு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடி விடுகிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் மறுபடி நொதித்தல் நடக்கிறது. அப்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்து விடுகிறது. பாட்டிலுக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஆறு மடங்கு வரை ஏறுகிறது. சோடாவில் வாயுவை வெளியிலிருந்து செலுத்துகிறார்கள். இங்கே வாயு உள்ளேயே பிறக்கிறது. வித்தியாசம் அதுதான்.

வேலை முடித்து மடிந்த ஈஸ்ட், பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகிறது. அதன் மேலேயே ஒயின் மாதக்கணக்கில் கிடந்து மணம் பெறுகிறது. பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 மாதம் கழித்தே விற்கலாம்; ஒரே ஆண்டின் பழத்தில் செய்ததானால் மூன்று ஆண்டு. பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பி வருவார்கள். வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கியதும் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உறைந்த வண்டல் உள்ளழுத்தத்தால் தானே வெளியே பாய்கிறது. குறைந்த அளவை ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்பி, தக்கை அடைத்து, கம்பி கட்டி விடுகிறார்கள். பாட்டிலைத் திருப்பும் வேலையில் பெரும்பகுதியை இன்று இயந்திரங்கள் செய்கின்றன.

ஒருவர் கண்டுபிடித்ததல்ல

ஓவில்லேர் மடத்தைச் சேர்ந்த டாம் பெரிஞான் என்ற துறவிதான் (1638-1715) இந்த நுரையைக் கண்டுபிடித்தார் என்று கதை உண்டு. அது கதைதான். பல தோட்டத்துப் பழங்களைத் தேர்ந்து கலப்பதில் அவர் வல்லவர் என்பது உண்மை. ஆனால் அவர் காலத்தில் நுரை ஒரு கோளாறாகவே கருதப்பட்டது. குளிர் காலத்தில் நின்று போன நொதித்தல் வசந்தத்தில் மீண்டும் தொடங்கிப் பாட்டில்களை வெடிக்க வைத்தது. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்கச் செய்வதைப் பற்றி இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் 1662ஆம் ஆண்டிலேயே ராயல் சொசைட்டியில் கட்டுரை சமர்ப்பித்திருக்கிறார். நிலக்கரி உலையில் காய்ச்சிய இங்கிலாந்துக் கண்ணாடி, அழுத்தத்தைத் தாங்கும் பாட்டிலைத் தந்தது. கணவனை 1805ல் இழந்து வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிறுவனத்தில், வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை உருவாயிற்று. எவ்வளவு சர்க்கரை போட்டால் பாட்டில் வெடிக்காது என்று 1830களில் கணக்கிட்டுச் சொன்னவர் ஷாலோன் நகரத்து மருந்து வியாபாரி பிரான்சுவா.

துறவி, விஞ்ஞானி, விதவை, மருந்து வியாபாரி, கண்ணாடித் தொழிலாளி, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தோட்டக்காரர்கள் என்று பலர் சேர்த்த சொத்து அது. ஆகவே ஷாம்பேன் என்ற பெயர் எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச் சொத்தாக முடியாது. அந்த மண்ணில் உழைப்பவர் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. வியாபாரிகள் இதை மறந்த போதுதான் விபரீதம் விளைந்தது.

1911ல் வெடித்த கோபம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திராட்சை வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி ஷாம்பேன் வட்டாரத்தில் புகுந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களைப் புதிதாக நட வேண்டியதாயிற்று. சிறு விவசாயி கடனில் மூழ்கினான். போதாக்குறைக்கு விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்தது; 1910ல் அநேகமாக ஒன்றுமே தேறவில்லை.

உள்ளூரில் பழம் இல்லை. ஆனால் ஷாம்பேன் விற்பனை மட்டும் நிற்கவில்லை. எப்படி? சில வியாபாரிகள் லுவார் ஆற்றுப் பகுதியிலிருந்தும் தெற்குப் பிரான்ஸிலிருந்தும் மலிவான திராட்சையையும் ஒயினையும் தருவித்து, ஷாம்பேன் என்று முத்திரை குத்தி விற்றார்கள். உள்ளூர் விவசாயி விலை கேட்டால், ‘வெளியூர்ச் சரக்கு இருக்கிறதே!’ என்று கைவிரித்தார்கள். அவன் ஊரின் பெயரைக் கொண்டே அவன் வயிற்றில் அடித்தார்கள்.

1911 ஜனவரியில் மார்ன் பள்ளத்தாக்கில் வெளியூர் ஒயின் ஏற்றி வந்த வண்டிகளை விவசாயிகள் மறித்துக் கவிழ்த்தனர்; பீப்பாய்களை உடைத்தனர். அதற்குள் இன்னொரு தகராறும் கிளம்பியது. 1908ல் அரசாங்கம் வகுத்த எல்லையில் தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் விடுபட்டிருந்தது. அந்த மாவட்டத்து விவசாயிகள் பெரும் ஊர்வலங்கள் நடத்தினர். எல்லையை நீக்கிவிடலாம் என்று பாரிஸில் பேச்சு எழுந்ததும் மார்ன் விவசாயிகள் கொதித்தெழுந்தனர். ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் ஒயின் நிறுவனங்களின் கட்டிடங்கள் தீக்கிரையாயின. ராணுவம் வந்து ஊர்களைப் பிடித்துக் கொண்டது.

விவசாயிகள் கையில் தீப்பந்தம் எடுத்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. நல்லவர் கெட்டவர் என்று தீ பார்ப்பதில்லை. ஆனால் புகார்களுக்குச் செவிசாய்க்காமல், கலகம் வெடித்த பிறகு சிப்பாய்களை அனுப்பும் அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. மேலும், அந்தக் கலகத்தில் விவசாயிகளே இரு மாவட்டங்களாகப் பிரிந்து நின்றதைக் கவனிக்க வேண்டும். கலப்படம் செய்தவன் வேறொருவன். எல்லைக்கோட்டுக்காக மோதிக் கொண்டவர்கள் இரு சாரார் விவசாயிகள்.

தகராறு தீரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஓப் மாவட்டத்தையும் முறையாகச் சேர்த்து, எந்தெந்த ஊர், எந்தெந்த ரகம் என்று வரையறுத்தது. 1936ல் ஷாம்பேன், பிரான்ஸின் பாதுகாக்கப்பட்ட ஊர்ப் பெயர்களில் ஒன்றாயிற்று.

எதிரெதிரே இரண்டு நாற்காலி

சட்டம் பெயரைக் காத்தது. விலையைக் காத்தது விவசாயிகளின் ஒற்றுமை. 1941ல், ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது, விவசாயிகள் தரப்பில் மோரிஸ் துவாயாரும் கம்பெனிகள் தரப்பில் ரோபேர்-ழான் த வோகுயேயும் முன்னின்று, இரு தரப்புக்கும் பொதுவான ஒரு கமிட்டி பிறந்தது. அதற்கு இரண்டு தலைவர்கள்: ஒருவர் விவசாயிகளின் பிரதிநிதி, மற்றவர் கம்பெனிகளின் பிரதிநிதி. இன்றும் அதே ஏற்பாடுதான்.

இதன் அவசியம் என்ன? இன்று சுமார் 16,000 விவசாயிகளிடம் திராட்சை நிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. கம்பெனிகளிடம் இருப்பது பத்து சதவீதம் போல. ஆனால் விற்பனையாகும் பாட்டில்களில் 70 சதவீதத்துக்கும் மேல் கம்பெனிகளின் பெயரில் போகிறது. நிலம் ஒருவரிடம், சந்தை இன்னொருவரிடம். ஒருவரில்லாமல் மற்றவர் பிழைக்க முடியாது. பல பத்தாண்டுகள் கமிட்டி ஒவ்வோர் அறுவடையிலும் திராட்சைக்கு விலை நிர்ணயித்தது; முதல் தர ஊர்களுக்கு முழு விலை, மற்ற ஊர்களுக்குத் தரப்படி இத்தனை சதவீதம் என்று அட்டவணை இருந்தது. 1990ல் அந்தக் கட்டாய விலை முறை முடிந்தது. இன்று ஒப்பந்தம் பேசித்தான் விற்கிறார்கள். ஆனாலும் அண்மை ஆண்டுகளில் கிலோவுக்கு 6 யூரோவுக்குக் குறையாமல் சராசரி விலை கிடைத்து வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்கள் பழத்தைப் பிழிந்து, ஒயின் செய்து, சிறு விவசாயியைத் தரகரிடமிருந்து காக்கின்றன.

விளைச்சலுக்குக் கடிவாளம்

கமிட்டியின் மிகப் பெரிய வேலை, ஒவ்வோர் ஆண்டும் ஹெக்டேருக்கு இவ்வளவுதான் என்று அறுவடை அளவை அறிவிப்பது. 2020ல் கொரோனாவால் விற்பனை விழுந்தபோது 8,000 கிலோ என்று வைத்தார்கள். அதாவது ஏக்கருக்குச் சுமார் 3,240 கிலோ. 2023ல் 11,400 கிலோ. 2022ல் 32 கோடிப் பாட்டில்களுக்கு மேல் போன விற்பனை 2024ல் 27 கோடிக்கு இறங்கியது. உடனே 2025ஆம் ஆண்டு அளவை 9,000 கிலோவாகக் குறைத்தார்கள்.

நல்ல ஆண்டில் அளவுக்கு மேல் விளைந்ததில் ஒரு பகுதியை ஒயினாக்கி, விற்காமல் இருப்பு வைக்க அனுமதி உண்டு. 2021ல் ஏப்ரல் உறைபனியும் கோடை மழையில் பரவிய அடிச்சாம்பல் நோயும் தோட்டங்களை நாசமாக்கியபோது, இந்த இருப்பே விவசாயிகளைக் காப்பாற்றியது. குதிரில் நெல் சேர்த்து வைப்பது போன்ற ஏற்பாடு. குதிருக்குச் சட்டபூர்வமான அந்தஸ்து கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்றுவது வாங்குபவனுக்குச் செய்யும் துரோகம்’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அரிசி, பருப்புக்கு அந்த ஆட்சேபணை பொருந்தும்; அது இல்லாமல் மனிதன் வாழ முடியாது. ஷாம்பேன் இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. மேலும், விலை சரிந்தால் முதலில் கெடுவது தரம். விலை கிடைக்காத விவசாயி கிலோவைக் கூட்டப் பார்ப்பான். கிலோ கூடினால் பழம் நீர்த்துப் போகும். பழம் நீர்த்தால் பெயர் போகும். பெயர் போன பிறகு சட்டம் எதைக் காக்கும்?

பிறர் பெயரை விட்டவர்கள் கெடவில்லை

ஸ்பெயினில் கட்டலோனியா விவசாயிகள், 1872ல் தொடங்கி இதே பாட்டில் முறையில் நுரை ஒயின் செய்து வருகிறார்கள். அதை ‘ஸ்பானிஷ் ஷாம்பேன்’ என்று இங்கிலாந்தில் விற்கக் கூடாது என்று 1960ல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் வீழ்ந்தார்களா? ‘காவா’ என்று சொந்தப் பெயர் வைத்துக் கொண்டு உலகச் சந்தையில் இடம் பிடித்தார்கள்.

இத்தாலியின் வடகிழக்கில் ‘புரோசெக்கோ’ செய்பவர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய ஒயின் பாட்டிலில் அல்ல, அழுத்தம் தாங்கும் பெரிய தொட்டியில் நுரைக்கிறது. செலவு குறைவு, சில வாரங்களில் தயார். புரோசெக்கோ என்பது முன்பு திராட்சை ரகத்தின் பெயராகவும் இருந்தது. ரகத்தின் பெயரானால் எந்த நாட்டிலும் நட்டு அதே பெயரில் விற்கலாமே! ஆகவே 2009ல் ரகத்துக்கு ‘கிளேரா’ என்ற பெயரை நிலைநிறுத்திவிட்டு, புரோசெக்கோ என்பதை வட்டாரத்தின் பெயராக ஆக்கிக் கொண்டார்கள். இன்று ஆண்டுக்கு 60 கோடிப் பாட்டில்களுக்கு மேல் விற்கிறார்கள். எண்ணிக்கையில் ஷாம்பேனை விட இரு மடங்கு.

குறைகளையும் சொல்ல வேண்டும்

ஷாம்பேன் விவசாயிகள் செய்வதெல்லாம் சரி என்று பொருளல்ல. சுவிட்சர்லாந்தில் ஷாம்பேன் என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றூர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் செய்வது நுரைக்காத ஒயின், யாரையும் ஏமாற்றியதில்லை. ஆயினும் 2004 முதல் தங்கள் சொந்த ஊர்ப் பெயரையே பாட்டிலில் போட முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். வலியவனின் பெயர் எளியவனின் பெயரை விழுங்கியது நியாயமாகாது.

இன்னொன்று, பழம் பறிக்கும் தொழிலாளர் நிலை. அறுவடைக் காலத்தில் வெளியிலிருந்து லட்சம் பேர் வரை வருகிறார்கள். 2023 அறுவடையின்போது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை மனிதர் வசிக்கத் தகாத வீட்டில் அடைத்து வேலை வாங்கியது வெளிப்பட்டது. 2025ல் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவரைத் தண்டித்தது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்று விதி செய்தவர்கள், அந்தக் கைக்குரியவனின் சோற்றையும் படுக்கையையும் தரகர்கள் பொறுப்பில் விட்டது பெரும் தவறு. 1911ல் தங்களுக்கு நியாயம் கேட்டவர்களின் பேரன்மார், தங்கள் தோட்டத்தில் குனிந்து வேலை செய்பவனுக்கு அதே நியாயத்தைத் தரக் கடமைப்பட்டவர்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது

இந்தியாவிலும் ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல் நிறைவேறி, 2003ல் அமலுக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஷாம்பேன் விவசாயிகள் தங்கள் பெயரை அங்கும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் இந்தக் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டு வந்தார் என்று சொல்வதுண்டு. மதுரை மல்லிக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் கூடக் குறியீடு இருக்கிறது.

ஆனால் ஷாம்பேனின் கதை சொல்வது இதுதான்: பதிவு என்பது வேலையின் தொடக்கம். குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தனியே பதிந்து கொள்ள வேண்டும். தரத்துக்கு விதி வேண்டும். விதியை மீறுபவன் சொந்தக்காரனானாலும் தட்டிக் கேட்கும் சங்கம் வேண்டும். வெளியூர்ச் சரக்கை உள்ளூர்ப் பெயரில் விற்பவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் துணிவும் அதற்குப் பணமும் வேண்டும். வாங்கும் வியாபாரியோடு ஆண்டுதோறும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்குப் பேச ஏற்பாடு வேண்டும். இவை இல்லாத இடத்தில் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். லாபம் வேறொருவன் கல்லாவில் விழும்.

நிலத்தை அளந்து கல் நடாத விவசாயி இல்லை. வரப்பை ஒரு சாண் வெட்டினால் பக்கத்துக்காரனோடு வழக்குக்குப் போகிறோம். ஊரின் பெயரும் தலைமுறை தலைமுறையாகச் சாகுபடி செய்து வந்த நிலம்தான். அதற்கும் கல் நட வேண்டும். களை எடுக்க வேண்டும். இரவில் காவல் இருக்க வேண்டும்.